இடுப்பு வடு, ஆறாத புண், கறுத்த நகம்: தோல் புற்றை எதை வைத்துச் சந்தேகப்படுவது?

கேள்வி: காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி, 3 டிசம்பர் 2024

எங்கள் அம்மாவுக்கு 64 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நூல் சேலைதான். மாடு, கொறங்காடு, களை என்று குனிந்து நிமிர்கிற வேலை, அதனால் பாவாடை நாடாவை இறுக்கித்தான் கட்டுவார். இடுப்பைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருக்கிறது. போன மாதம் வாட்ஸப்பில் "சேலை கட்டினால் புற்றுநோய்" என்று ஒரு செய்தி வந்தது. அம்மாவிடம் காட்டினேன், சிரிக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதோடு, நம்மைப் போலக் கறுத்த தோலுக்குத் தோல் புற்றே வராது என்கிறார்கள். இரண்டில் எது உண்மை?

மருந்துக்கடைக்காரன், கோபி. 3 டிசம்பர், இரவு

செய்தி பொய்யில்லை. தலைப்புதான் பொய். போன மாதம் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள், ஒருவர் மகாராஷ்டிரம், ஒருவர் பீகார். முதலாமவருக்கு 70 வயது, இடுப்பில் ஒன்றரை வருடமாக ஆறாத புண். அடுத்தவர் உள்பாவாடையே கட்டாதவர், சேலையையே இறுக்கிச் சுற்றுகிறவர். அவருக்குத் தொடை இடுக்கு நெறி வரைக்கும் பரவிவிட்டது.

குற்றவாளி சேலை இல்லை, அழுத்தம். நாடா ஒரே இடத்தில் அழுத்தி, வேர்வையில் உராய்ந்து, தோல் கிழிந்து, ஆறி, திரும்பக் கிழிந்து, இப்படியே பல வருடம் போனால் எங்கோ ஒருவருக்கு அந்தப் புண் புற்றாக மாறுகிறது. ஆண்கள் சிரிக்க வேண்டாம். பம்பாயில் கனோல்கர் என்ற மருத்துவர் 1945இலேயே வேட்டிக் கட்டில் வந்த புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். காஷ்மீரத்தில் குளிருக்கு மடியில் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியால் தொடையிலும் அடிவயிற்றிலும் வரும்.

மிகவும் அரிது. கறுப்புப் பட்டை நம் அம்மாக்கள் பாதிப் பேருக்கு இருக்கும், அது மட்டும் இருந்தால் பயமில்லை. பட்டையின் மேல் தோல் உரிந்து நீர் கசிகிறதா, ஒரு இடம் மட்டும் தடித்துக் கெட்டியாகிறதா, நான்கு வாரம் கழித்தும் மூடாத புண் இருக்கிறதா, இதைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் வேண்டாம்.

4 டிசம்பர்

இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். "கறுத்த தோலுக்கு வராது" என்பது முக்கால் உண்மை. வெள்ளைத் தோலோடு ஒப்பிட்டால் நமக்கு மிகக் குறைவு, தோலின் கருமை வெயிலை வடிகட்டுகிறது. மீதிக் கால் பங்குதான் ஆளைக் கவிழ்ப்பது. வராது என்று நினைப்பதால் வந்ததைக் கவனிப்பதில்லை, நமக்குக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் முற்றிப்போயிருக்கிறது. அதுபோக, வருகிற இடமும் வேறு. வெள்ளைக்காரருக்கு முதுகு, கால், முகம். நமக்கு உள்ளங்கால், நகம், பழைய தீக்காயத் தழும்பு.

தழும்பு என்றதும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இன்றைக்கு முடியாது, கடையில் சரக்கு இறங்குகிறது.

7 டிசம்பர்

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டம். 1976இல் அவருக்கு 19 வயது, சொந்த ஆலையில் கரும்புப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொப்பரையை இறக்கும்போது பாகு சிந்தி வலது முழங்காலுக்குக் கீழே ஊற்றிவிட்டது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து போய்விடும், பாகு வழியாது. ஒட்டிக்கொண்டு உள்ளே வேகும். பிழைத்ததே பெரிது. காலில் ஒரு சாண் நீளத்துக்கு முடி இல்லாமல், எண்ணெய்க் காகிதம் போலப் பளபளவென்று இழுத்துப் பிடித்த தழும்பு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதைத் தொட்டுப் பார்ப்போம்.

2022 கடைசியில் அந்தத் தழும்பில் ஒரு சின்னப் புண். வேலி முள் குத்தியது என்றார். டிவிஎஸ் ஐம்பதில் கடைக்கு வந்து, இறங்காமலேயே காலைப் படியில் தூக்கி வைத்தார்.

"ஏ மாப்ள, இதுக்கொரு களிம்பு குடு கண்ணு."

கொடுத்தேன். சர்க்கரை இருக்கிற ஆள், மெல்லத்தான் ஆறும் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். அந்தக் களிம்பு கேட்கவில்லை என்று வந்தபோது இன்னொன்று. அரிக்கிறது என்றபோது ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது, கொடுத்தேன், சொந்த மாமா. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கியது. இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது என்றார். உள்ளே என்ன நடந்தது என்று இப்போது தெரியும்.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் கட்டு மாற்ற நானே உட்கார்ந்தேன். புண் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. என்னை நிறுத்தியது ஓரம். சாதாரணப் புண்ணின் ஓரம் சரிந்து உள்ளே இறங்கும். இது வெளியே புரண்டு நின்றது, வற்றிய குளத்தில் காய்ந்த சேறு ஓரம் சுருட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி. கையுறை விரலால் அழுத்தினால் கெட்டி, குருத்தெலும்பு மாதிரி. நடுவில் பூக்கோசு போலச் சதை. தொட்டதும் ரத்தம். வலி இல்லை என்றார். ஒரு வாடை, அதை எழுத வரவில்லை.

அடுத்த நாளே கோவைக்குக் கூட்டிப் போனோம். சதை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்குவாமஸ் செல் புற்று, தோலின் மேலடுக்கில் தொடங்கும் வகை. தழும்பில் வரும் இந்தப் புண்ணுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். 1828இல் அப்படிப்பட்ட புண்களை விவரித்து எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் அவர், அது புற்று என்று அவருக்குத் தெரியாது, பின்னால் வந்தவர்கள் சொன்னது. காயம் பட்டதிலிருந்து புற்று வர சராசரி 30 வருடம் என்று எழுதுகிறார்கள். மாமா 46 வருடம் எடுத்துக்கொண்டார். எதிலும் நிதானமான மனிதர்.

நல்ல தோல் வரும் வரை அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் இருக்கிறது. நடை கொஞ்சம் சாய்வு.

8 டிசம்பர்

"மருந்துக்கடைக்காரரே, குற்றத்தை நீங்களே செய்துவிட்டு ஊருக்குப் புத்தி சொல்கிறீர்களா?" என்று பவானிக்காரர் கேட்டிருக்கிறார். ஆமாங்க.

15 டிசம்பர்

கரூரிலிருந்து ஒருவர், கால் பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு, நகச்சுத்தியா என்று கேட்கிறார். நகச்சுத்தி வீங்கும், விண்விண் என்று தெறிக்கும், சீழ் பிடிக்கும். கோடு போடாது.

எங்கள் கடைப் பையன் திருப்பூரில் தைத்த பாப் மார்லி பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறான், யார் என்று கேட்டால் "பாட்டுக்காரருங்ணா" என்பதோடு சரி. அந்தப் பாட்டுக்காரருக்கு வந்தது இதே இடம்தான். கால்பந்தில் பட்ட அடி என்று நினைத்திருந்த கால்விரல் நகத்தடியில் இருப்பது மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று, என்று 1977இல் கண்டார்கள். விரலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம் போய்விட்டார், 36 வயது. நகத்தடி, உள்ளங்கை, உள்ளங்கால் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. உள்ளங்காலில் வெயில் எங்கே படுகிறது?

மம்மட்டிக் காம்பு விழுந்தாலும் நகம் கறுக்கும். அது ரத்தக்கட்டு. வித்தியாசம் பார்க்க ஒரு வழி: கறுப்பின் பின் விளிம்பு நகத்தில் எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போகும், வேர்ப்பக்கம் சுத்தமான நகம் தெரிய ஆரம்பிக்கும். கைநகம் முழுதாக மாற ஆறு மாதம், கால்நகம் ஒரு வருடத்துக்கு மேல், பொறுமை வேண்டும். வேரிலிருந்து நுனிவரை கோடு அப்படியே நின்று, மாதத்துக்கு மாதம் அகலமானால் அது ரத்தம் இல்லை. கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் ஏறியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம், நாளைக்கே போங்கள்.

16 டிசம்பர்

பயமுறுத்திவிட்டேன் போல. ஒரே ராத்திரியில் ஏழு பேர் நகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றில் மருதாணி. திருத்திக்கொள்கிறேன்: கறுத்த தோல்காரர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடு இருப்பது இயல்பு, வயதானால் இன்னும் கூடும். எனக்கே மூன்று விரலில் இருக்கிறது. சந்தேகப்பட வேண்டியது, பெரியவர்களுக்குப் புதிதாக ஒரே ஒரு நகத்தில் வந்து அகலமாகிற கோடு.

உள்ளங்காலையும் அப்படியே. கால் ஆணி என்று பிளேடால் சீவிக்கொண்டே இருப்பார்கள். சீவிய இடத்தில் கறுப்போ ரத்தக் கசிவோ இருந்து, சீவச் சீவ அகலமானால் அது ஆணி இல்லாமலும் இருக்கலாம். மாதம் ஒருமுறை கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாத அப்புச்சி அம்முச்சிக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம், கூச்சம் காட்டிச் சிரிப்பார்கள், பரவாயில்லை.

22 டிசம்பர்

மச்சம் பற்றி நிறையக் கேள்வி. "மூக்கில் மச்சம் இருந்தால் யோகம் என்பார்களே" என்றும் ஒருவர். வயதான காலத்தில் புதிதாக மூக்கில் யோகம் வந்தால் நான் சந்தேகப்படுவேன்.

கடைக்கு வரும் ஒரு அம்மா, அறுபதை ஒட்டி, மூக்குத்திக்குப் பக்கத்தில் மிளகளவு கறுப்பு. முகம் கழுவினால் ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் பொருக்கு கட்டும், உதிரும், ஆறிவிட்டது என்று நினைப்பார், பத்து நாளில் திரும்ப. மூக்குத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று கவரிங்கைக் கழற்றிப் பொன் போட்டார், பொன்னையும் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி செருகினார். ஒன்றரை வருடம். அருகில் பார்த்தால் ஓரம் மட்டும் ஈரமான ஜவ்வரிசி மாதிரி மினுங்கும், மேலே நூலிழை போல ரத்தக் குழாய். பேசல் செல் புற்று என்ற இன்னொரு வகை அது. வெளிநாட்டுப் படங்களில் இளஞ்சிவப்பாக இருப்பது நமக்குப் பெரும்பாலும் கறுப்பாக வரும், அதனால்தான் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருந்த இடத்தை எலி கொறிப்பது போலத் தின்றுகொண்டே போகும்.

ஆறுவது, திரும்ப வருவது, ஆறுவது, திரும்ப வருவது. ரகசியம் அந்த "ஆறிவிட்டது"தான், அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

சுண்ணாம்பு வைத்து மருவைச் சுட்டுக்கொள்கிறவர்களுக்கு: சுட்டால் மேலே போய்விடும், அது என்னவாக இருந்தது என்று பார்க்கவும் ஒன்றும் மிஞ்சாது.

2 ஜனவரி 2025

மச்சத்தைச் சோதிக்க ஆங்கில எழுத்து வரிசையில் ஒரு ஏபிசிடி இருக்கிறது, 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் போட்டது. இரண்டு பாதியும் ஒன்றுபோல இல்லாதது, ஓரம் சீரில்லாதது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டரை மிஞ்சியது, அதாவது பென்சிலின் பின்பக்க ரப்பரைவிடப் பெரியது. ஐந்தாவதாக மாறுகிறதா என்பதை 2004இல் சேர்த்தார்கள். பெருந்துறைக்காரர் இதை அ, ஆ, இ, ஈ என்று ஆக்கப் பார்த்து ஈயில் மாட்டிக்கொண்டார். விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் கடைசியாகச் சேர்த்ததுதான் முதலில் நிற்க வேண்டியது. பிறவி மச்சம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாற்பது வருடமாக அப்படியே இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். மூன்று மாதத்தில் மாறுகிற ஒன்று பென்சில் ரப்பரைவிடச் சிறியதாக இருந்தாலும் காட்ட வேண்டும். மாமாவின் காலில் இந்த எழுத்து எதுவும் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது மச்சத்துக்குப் போட்ட கணக்கு, புண்ணுக்கு இல்லை.

வயதானவர்கள் முதுகில் மெழுகு சொட்டி ஒட்டினது போல, நகத்தால் பெயர்த்துவிடலாம் போல இருக்கும் கறுப்புத் தடிப்பும், கழுத்திலும் கன்னத்திலும் பொடிப்பொடியாக வரும் மருவும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவை. மங்கு, தேமல், படர்தாமரை புற்று அல்ல. வெண்புள்ளியும் புற்று ஆகாது. ஆனால் பிறவியிலேயே உடம்பு முழுக்க நிறமி இல்லாமல், முடியும் வெளுத்துப் பிறக்கும் குழந்தைகள் வேறு. அவர்களுக்கு வெயிலால் தோல் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம், சின்ன வயதிலேயே வரலாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, நிழல். அந்தப் பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்பாதீர்கள்.

16 ஜனவரி

மாட்டுப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டியில் பொங்கல் வைத்து, மாட்டுக்கு ஊட்டி, எல்லாம் முடிந்து வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற எங்கள் நாட்டுச் சர்க்கரையை எனக்கு இரண்டு கிலோ கட்டி வைத்திருந்தார், தனக்குச் சர்க்கரை வியாதி என்பதில் அவருக்கு ஒரு சிரிப்பு எப்போதும் உண்டு. ஒட்டுப்போட்ட தோலைக் காட்டினார். தொடைத் தோல் என்பதால் நிறம் வேறு, சதுரமாக, பழைய வேட்டியில் புதுத் துணி வைத்துத் தைத்தது மாதிரி.

திரும்பி வந்து கடையின் பற்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். மாமா காசு கொடுத்து வாங்குகிற ஆள் இல்லை, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. 7 டிசம்பர் குறிப்பில் ஐந்து மாதம் என்று எழுதினேன். தப்பு. முதல் டியூப் 11 அக்டோபர் 2022. கடைசி டியூப் 14 ஜூன் 2023. எட்டு மாதம். மொத்தம் 13 டியூப், அதில் 6 ஸ்டீராய்டு. ஐந்து என்று எனக்கு எப்படி மனதில் பதிந்தது என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான் ஐந்து என்று சொல்லியிருக்கிறேன், மாமாவும் தலையாட்டியிருக்கிறார். அப்புறம் அதுவே நினைவாகிவிட்டது.

அவரிடம் போனில் சொன்னேன். "நோட்டுல பாக்கி எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார்.

19 ஜனவரி

"கத்தி பட்டால் பரவும், அதனால் சதை எடுக்க விடவில்லை" என்று தாராபுரத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். சதை எடுத்ததால் தோல் புற்று பரவுவதில்லை. முற்றிய நிலையில் காட்டி, சதை எடுத்து, அதன்பின் ஆள் போனதைப் பார்த்தவர்கள் கத்தி மேல் பழி போட்டார்கள், அவ்வளவுதான் அந்தக் கதையின் பூர்வீகம். மாமாவுக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்றேன். மரத்துப்போக ஊசி, அதுதான் வலி. அப்புறம் பேனா மூடி போன்ற ஒரு குழல் கத்தியைப் புண் ஓரத்தில் வைத்துத் திருகினார்கள், இன்னொன்று எதிர்ப்பக்கம். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகள், மருந்துத் தண்ணீர் புட்டியில் போட்டு மூடியாகிவிட்டது. முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் மாமா நன்றாகத் தூங்கினார், நான் தூங்கவில்லை.

செலவைப் பற்றி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்று சிகிச்சை அதில் வரும். முதல் பார்வைக்குக் கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவே போதும். மெலனோமாவில் மில்லிமீட்டர்தான் கணக்கு. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே மீதி எல்லாம் முடிவாகிறது, ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும்.

1 பிப்ரவரி

வெயிலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சண்டை. எழுதுகிறேன். சூடு வேறு, தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. மேட்டுப்பாளையத்தில் வேர்த்து ஊற்றும், ஊட்டியில் ஸ்வெட்டர் போடுவோம், ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். குளிர்கிறதே என்று மதியம் முழுக்க வெயில் காய்கிறவர்தான் அதிகம் வாங்குகிறார். புற ஊதாக் குறியீடு 3 ஆனாலே பாதுகாத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் ஊர் மார்கழி நண்பகலில்கூட அது 3க்கு வெகு மேலே. தலையில் உருமால், முழுக்கைச் சட்டை, பதினொன்றிலிருந்து மூன்று வரை மர நிழல், நம் பெரியவர்கள் செய்ததுதான். அறுநூறு ரூபாய் சன்ஸ்கிரீனை வாங்கி உள்ளங்காலைப் பார்க்காமல் விடாதீர்கள், விற்கிறவனே சொல்கிறேன்.

வெள்ளைப் பாஷாணம் சேர்த்த பொடியை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு உள்ளங்கை உள்ளங்காலில் கெட்டி மணிகள் முளைத்து, அதில் சில பின்னால் புற்றாகலாம். ஆர்சனிக் அது. பொடி கொடுத்தவர் யாராக இருந்தாலும் என்ன கலந்தது என்று கேளுங்கள்.

9 பிப்ரவரி

காங்கேயத்து அம்மாவைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டார்களாம். உராய்வில் தடித்த தோல்தான், புண் இல்லை, சதை எடுக்கத் தேவையில்லை. கயிறு நாடாவுக்குப் பதில் நாலு விரல் அகலப் பட்டை, தினமும் அதே இடத்தில் கட்டாமல் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் பதிலை மகள் அப்படியே எழுதியிருக்கிறார்: "தோட்டத்துல சேலை அவுந்து உழுந்தா அந்த மருந்துக்கடைக்காரனா வந்து கட்டி உடுவான்?"

நான் கடையில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். புண்ணுக்குக் களிம்பு வாங்குகிறவர் பெயர், எந்த இடம், தேதி. ஒரே புண்ணுக்கு மூன்றாவது டியூப் கிடையாது, டாக்டர் சீட்டு வேண்டும். நேற்று ஒருவர் மூன்றாவதுக்கு வந்தார், கணுக்கால், ஆறு வாரம். மாட்டேன் என்று சொல்லி, மாமா கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எதிர்க்கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு, என் கடை வழியாகவே கையை ஆட்டிவிட்டுப் போனார்.